கணபதியில போர்டு இல்லாத பட்டறை: எங்கப்பா டிராம்போனு ஸ்லைடு சரியான கதை

ரொம்ப நாளா எழுதோணும் எழுதோணும்னு நெனச்சுட்டே இருந்தனுங்க, இன்னைக்குத்தான் நேரம் கெடைச்சுது. கோயமுத்தூர் சைடுல ட்ரம்பெட்டு டிராம்போனெல்லாம் ரிப்பேர் பண்ண எங்க போறதுன்னு கேக்கறவங்க நெறைய பேரு இருக்காங்க, நானே ரெண்டு வருசம் அலைஞ்சிருக்கறேன், அதனால இது கொஞ்சம் நீளமா போனாலும் பொறுத்துக்கோங்க.

மொதல்ல என்ற கதை. எங்கப்பா சத்தியமங்கலம் பக்கம் பேண்டு செட்ல டிராம்போனு வாசிச்சவரு. கல்யாணம், பண்ணாரி நோம்பி, கட்சி ஊர்வலம்னு எல்லாத்துக்கும் போவாரு. அவரு போனதுக்கப்பறம் கருவி பரண் மேல கெடந்துச்சு. நாந்தான் எறக்கி, சர்ச்ல வாசிக்கறவங்க ரெண்டு பேருகிட்ட கத்துக்கிட்டு, இப்ப நாங்க ஒரு பதினெட்டு பேரு ஒட்டுக்கா சேந்து மாசம் ரெண்டு ஞாயித்துக்கிழமை வாசிக்கறோம். ஆர்கெஸ்ட்ரா பீஸ்களை எங்களுக்குத் தக்கன சின்னதா மாத்தி வாசிக்கறதுதான் வேலை. அதுல ராவெல்ங்கற பிரெஞ்சு இசையமைப்பாளரோட பொலேரோங்கற பீஸுல வர்ற டிராம்போனு சோலோ என்ற தலையில விழுந்துச்சு.

இந்த சோலோ தெரியாதவங்களுக்கு சொல்றேன். 1928 நவம்பர் 22ஆம் தேதி பாரிஸ்ல மொத மொத அரங்கேறுன பீஸு. ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஸ்னேர் டிரம்மு ஒரே தாளத்தை விடாம தட்டிட்டே இருக்கும், மெட்டு ரெண்டே ரெண்டுதான், ஒவ்வொரு வாத்தியமா மாறி மாறி வந்து அதையே வாசிச்சுட்டுப் போகும். ரெண்டாவது மெட்டு கொஞ்சம் ஜாஸ் வாசம் அடிக்கற மெட்டு, அது டிராம்போனுகிட்ட வர்றப்ப பாதி பீஸு தாண்டியிருக்கும், அதுவரைக்கும் டிராம்போனுக்காரரு சும்மா உக்காந்திருந்துட்டு, ஒதடு ஆறிப்போயி இருக்கற நேரத்துல, மேல் ஸ்தாயி பி-பிளாட்ங்கற சுரத்தை எடுத்த எடுப்புலயே புடிக்கோணும், அப்பறம் டி-பிளாட் வரைக்கும் ஏறோணும். பெரிய பெரிய ஆர்கெஸ்ட்ராக்காரங்களே பயப்படற எடம் அது.

அந்த சோலோவுல இழுவை எங்க போடறது எங்க போடக்கூடாதுங்கறதுதான் என்ற பிரச்சனையே. டிராம்போனுல ஸ்லைடுக்கு, அதாவது உள்குழாய் மேல முன்னும் பின்னும் இழுக்கற வெளிக்குழாய்க்கு, ஏழு எடம் உண்டு. ஏழாவதுல இருந்து மொதலாவதுக்கு ஊதிட்டே இழுத்தா ஆறு அரைஸ்வரம் வழுக்கிட்டே ஏறும், ஒரே இழுப்புல அதுக்கு மேல போகாது. வீணையில வயலின்ல ஜாருன்னு சொல்றோமே, அதே சமாச்சாரம்தான், ஆனா டிராம்போனுல அது கருவியோட ஒடம்புலயே இருக்குது. ஒரு சுரத்துல இருந்து இன்னொண்ணுக்குப் போறப்ப காத்தை நிறுத்தாம இழுத்தா தானா வழுக்கும். வழுக்காம இருக்கோணும்னா நாக்கு நுனியால மெத்துனு ஒரு தொடு தொட்டு, அந்த நொடிக்குள்ள கையி போயி அடுத்த எடத்துல நிக்கோணும். வழுக்கறது சுலபம், வழுக்காம சேத்து வாசிக்கறதுதான் கஷ்டம்.

இப்ப என்ற கருவிக்கு வர்றேன். மீரட்ல செஞ்ச கருவி, அப்பா வாங்கி முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. உள்குழாய் மேல இருந்த பூச்சு தேஞ்சு பித்தளை தெரிஞ்சுது, வெளிக்குழாயில கீழ வளைவுகிட்ட ஒரு சொட்டை, தண்ணி எறக்கற சாவியில கார்க்கு போயி காத்து லீக்கு. ஸ்லைடு மூணாவது எடத்துகிட்ட வர்றப்ப ஒரு கடி கடிக்கும், அஞ்சாவது தாண்டுனா இன்னொரு கடி. நான் வெவரம் தெரியாம தேங்காயெண்ணெய் போட்டுட்டு இருந்தேன், மார்கழிக் குளிர்ல அது ஒறைஞ்சு போயி இன்னும் மோசம். தயவு செஞ்சு யாரும் அதப் பண்ணாதீங்க.

இதுல எனக்கு ரொம்ப நாளா புரியாத விசயம் ஒண்ணு இருந்துச்சு. ஸ்லைடு கடிக்கறதால கையி லேட்டா போகும், லேட்டா போறதால எல்லா எடத்துலயும் வழுக்கல் விழும். நான் அதைத்தான் என்ற ஃபீல்னு நெனச்சுட்டு இருந்தேன். கேக்கறவங்களும் "நல்லா உருக்கமா இழுக்கறே அம்மணி"ன்னு சொல்லுவாங்க. மொசார்ட்டோட ரெக்வியம்ல டூபா மிரும்னு ஒரு பகுதி இருக்குதுங்க, 1791ல எழுதுனது, டிராம்போனு தனியா ஆரம்பிக்கும், பின்னாலயே பாஸ் கொரல்ல ஒருத்தரு பாடுவாரு. கடைசித் தீர்ப்பு நாள்ல ஊதற எக்காளம்னு அர்த்தம் வர்ற எடம், பி-பிளாட் கார்டு (சுரக்கூட்டு) சுத்தமா, நேரா, கல்லுல வெட்டுன மாதிரி வரோணும். அதுல என்ற வழுக்கல் விழுந்துச்சு பாருங்க, ரெக்கார்டு பண்ணி கேட்டப்ப எனக்கே அழுகை வந்துருச்சு. ஃபீலுன்னு நெனச்சதெல்லாம் ஸ்லைடோட சீக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

அதுக்கு முன்னால கோயமுத்தூர்லயே ஒரு கடையில குடுத்தேன், பேரு வேண்டாம். பாலிஷ் போட்டு பளபளன்னு குடுத்தாங்க, காசும் வாங்கிட்டாங்க, ஸ்லைடு மட்டும் அப்பிடியே கடிச்சுது. கேட்டா "பழைய பீஸு, இவ்வளவுதான் வரும், புதுசு வாங்கிக்கோங்க"ன்னுட்டாங்க. பஃபிங் மெசின்ல வெச்சு தேச்சதுல வெளிக்குழாய் இன்னும் மெலிசாப் போயிருந்ததுங்கறது பின்னாலதான் தெரிஞ்சுது.

இப்ப நான் சொல்ற பட்டறை கணபதியில இருக்குதுங்க. சத்தி பஸ்ஸுல வந்தா காந்திபுரம் வரைக்கும் போக வேண்டியதில்லை, கணபதியிலயே எறங்கிக்கலாம். அந்த ஏரியா பூராவுமே லேத்து, மில்லிங், பம்பு பாகம் செய்யற சின்னச் சின்ன பட்டறைகதானே, அதுக்குள்ள ஒரு சந்துல ஷட்டர் பாதி எறக்கின மாதிரி இருக்கும். போர்டு கெடையாது. பட்டறைக்கார ஐயாவுக்கு எப்பிடியும் எழுவது வயசு இருக்கும், காலமெல்லாம் லேத்துல வேலை பாத்தவரு, எளவட்டமா இருக்கறப்ப பேண்டு செட்ல யூஃபோனியம் வாசிச்சிருக்காராம், அந்தப் பழக்கத்துல கருவிக ரிப்பேரு கையில வந்துருச்சு. சர்ச்சுல இருக்கற ஒரு அண்ணந்தான் தாட்டி விட்டாரு.

போன ஒடனே கருவியை வாங்கி ஊதவே இல்லைங்க அவரு. ஸ்லைடை மட்டும் கழட்டி, உள்குழாய் ரெண்டையும் நேரா கண்ணுகிட்ட வெச்சு துப்பாக்கி குறி பாக்கற மாதிரி பாத்தாரு. அப்பறம் துளி மேடு பள்ளம் இல்லாத கிரானைட் சர்ஃபேஸ் பிளேட் மேல வெச்சு மெதுவா உருட்டி, பின்னால ஒரு டார்ச்சு லைட் அடிச்சு, எங்க வெளிச்சம் கசியுதுன்னு என்னையும் குனிஞ்சு பாக்கச் சொன்னாரு. நடுவுல ஒரு நூலு அளவுக்கு வெளிச்சம். அந்த நூலுதான் ரெண்டு வருசமா என்ற மூணாவது எடத்துல கடிச்சுட்டு இருந்தது. அது மட்டுமில்லை, ஸ்லைடோட ரெண்டு குழாய்க் காலும் ஒண்ணுக்கொண்ணு இணையா இல்லை, நுனியில லேசா விரிஞ்சு போயிருக்குதுன்னாரு. பெட்டியில இருந்து எடுக்கறப்ப எப்பவும் ஒரு பக்கமாவே புடிச்சு தூக்குனா இப்பிடித்தான் ஆகும்னு சொன்னாரு. நான் அப்பிடித்தான் தூக்குவேன்.

"காத்துக்கு லீக்கு, கைக்கு கடி, ரெண்டையும் வெச்சுட்டு நீ எப்பிடி அம்மணி இத்தனை நாள் வாசிச்சே?"ன்னு கேட்டாரு. குத்தம் சொல்ற மாதிரி இல்லைங்க, நெசமாவே வருத்தமா கேட்டாரு.

என்னென்ன வேலை பண்ணுனாருன்னு கேட்டு எழுதி வெச்சிருக்கறேன். வெளிக்குழாய்க்குள்ள போற அளவுக்கு அவரே லேத்துல கடைஞ்ச எஃகு மேன்ட்ரல் (உருண்டைக் கம்பி) வெச்சிருக்காரு, அதை உள்ள விட்டு வெளிய இருந்து உருளையால மெல்ல மெல்ல தேச்சு சொட்டையை எடுத்தாரு, சுத்தியல் தொடவே இல்லை. உள்குழாய் ரெண்டையும் நிமித்தி, தேஞ்ச பூச்சை எடுத்துட்டு, ஹைட்ராலிக் ராடுக்கெல்லாம் ஹார்டு குரோம் போடற யூனிட்ல குடுத்து பூசி வாங்கி, மைக்ரோமீட்டர் வெச்சு அளந்து அளந்து சைஸுக்குக் கொண்டு வந்தாரு. உள்குழாயோட நுனியில கொஞ்ச தூரம் தடிமனா இருக்குமே, டிராம்போனுக்காரங்க ஸ்டாக்கிங்னு சொல்லுவாங்க, அந்த எடம்தான் வெளிக்குழாயை நெசமா தொடற எடம், மத்த எடமெல்லாம் தொடக்கூடாதாம். அதுக்கப்பறம் ரெண்டு காலையும் குறுக்குக் கம்பியில ஈயம் எளக்கி இணையா வெச்சு மறுபடி பத்த வெச்சாரு. புது கார்க்கு. உள்ள பூராவும் வெதுவெதுப்பான தண்ணியில பிரஷ்ஷு விட்டு கழுவுனப்ப பச்சை பச்சையா களிம்பு வந்துச்சு பாருங்க, அப்பா காலத்துல இருந்து சேந்ததா இருக்கும், எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு.

கூலி 3,400 ரூபா, குரோமுக்கு குடுத்ததும் சேத்து. முந்தின கடையில பாலிஷுக்கு மட்டும் கிட்டத்தட்ட அதே காசு குடுத்தேன்.

வாங்கப் போன அன்னைக்கு நடந்ததுதான் முக்கியமா சொல்லோணும். ஸ்லைடை செங்குத்தா புடிக்கச் சொல்லி லாக்கை எடுத்து விட்டாரு. வெளிக்குழாய் சத்தமே இல்லாம தானா எறங்கி அவரு கையில வந்து உக்காந்துச்சு. அப்பறம் ஒரு பக்கம் ஓட்டையை வெரலால அடைச்சுட்டு இழுக்கச் சொன்னாரு, காத்து உள்ளயே நின்னு திருப்பி இழுத்துச்சு. லீக்கு இல்லை. தேங்காயெண்ணெய் போட்டா இனிமே கருவியை கொண்டு வராதேன்னுட்டாரு, ஸ்லைடு கிரீம் துளி தடவி மேல தண்ணி ஸ்ப்ரே பண்ணுனா போதுமாம்.

"வாசி அம்மணி"ன்னாரு. பொலேரோ வாசிச்சேன். என்னங்க நடந்துச்சுன்னா, பழக்க தோசத்துல கையி சீக்கிரமே கெளம்புது, ஆனா இப்ப ஸ்லைடு கடிக்காததால எடத்துக்கு முன்னாலயே போயி நின்னுருது. வழுக்கலே இல்லை. ஒவ்வொரு சுரமும் தனித்தனியா பளிச்சு பளிச்சுனு நிக்குது. எனக்கு ஏதோ தொலைஞ்சு போன மாதிரி இருந்துச்சு. "ஐயா, உருக்கமே போச்சுங்களே"ன்னேன்.

அவரு சித்த நேரம் பேசாம இருந்துட்டு சொன்னாரு, "இத்தனை நாள் அது இழுத்துச்சு. இனி நீ இழு."

அப்பறம் ஒரு மணி நேரத்துக்கு மேல அங்கயே ஒரு ஸ்டூல்ல உக்காந்து வாசிச்சேன், பக்கத்து பட்டறை லேத்து சத்தத்துக்கு நடுவுல. மொதல்ல ஒரு இழுவை கூட இல்லாம முழுசா ஒரு தடவை வாசிக்கச் சொன்னாரு. ரெண்டாவது தடவை ஒரே ஒரு எடத்துல இழுக்கச் சொன்னாரு, எங்கன்னு நானே முடிவு பண்ணோணும். எனக்கு மேல பி-பிளாட்ல இருந்து ஏ-பிளாட்டுக்கு எறங்கற எடத்துல போடலாம்னு தோணுச்சு, மொதல் எடத்துல இருந்து மூணாவதுக்கு ஒரே வரிசைக்குள்ள, அதாவது ஸ்லைடை மட்டும் நகத்துனா வர்ற சுரங்களுக்குள்ளயே, போறதால வழுக்கல் முறியாம வரும். சுரம் மேல போறப்ப கையி வெளிய போற மாதிரி இருக்கற எடத்துல எவ்வளவு முக்குனாலும் சரியான இழுவை வராதுங்க, நடுவுல ஒரு ஒடைப்பு விழும். அதனால எங்க இழுக்கலாம்ங்கறதை பாதி கருவியே சொல்லீருது, மீதி பாதிதான் நம்ம கையில இருக்குது. அந்த மீதி பாதியைத்தான் நான் இத்தனை வருசம் தொடவே இல்லை.

ஆர்கெஸ்ட்ராவுல இந்த சுதந்திரம் எவ்வளவு தூரம்ங்கறது ஒவ்வொரு பீஸுக்கும் மாறும். பொலேரோவுல கடைசிக் கட்டத்துல டிராம்போனுக எல்லாம் சேந்து வழுக்கறது ராவெலே எழுதி வெச்சது, அங்க யோசிக்க ஒண்ணுமில்லை. சோலோவுலதான் ஒவ்வொரு ஊருக்காரரும் ஒவ்வொரு மாதிரி வாசிக்கறாங்க, சிலரு ஜாஸ்காரரு மாதிரி குழைவாங்க, சிலரு பாடகர் மாதிரி நேரா நிப்பாங்க. ஆனா தாளத்துல கை வெக்க முடியாது, ஸ்னேர் டிரம்மு விடாது. இந்த வேக விசயத்துல ராவெல் ரொம்ப கறார். 1930ல டோஸ்கானினிங்கற ஆர்கெஸ்ட்ரா நடத்தறவரு பாரிஸ்ல இதை வேகமா நடத்துனப்ப, ராவெல் அங்கயே இருந்து கேட்டுட்டு வேகம் ஜாஸ்தின்னு அவருகிட்டயே சண்டைக்குப் போயிருக்காரு.

மாஹ்லரோட மூணாவது சிம்ஃபொனி நேர் எதிர். 1896ல எழுதி முடிச்சது, மொதல் பகுதியே அரைமணி நேரத்துக்கு மேல ஓடும், அதுல டிராம்போனு தனியா நின்னு பேசற மாதிரி பெரிய சோலோ வரும். அங்க சுதந்திரம் நேரத்துலதான் இருக்குது. ஒரு சுரத்துல எவ்வளவு நேரம் நிக்கலாம், எங்க மூச்சு வாங்கலாம், எங்க தயங்கலாம்ங்கறதுதான் வாசிக்கறவரோட முத்திரை. ரிம்ஸ்கி-கோர்சகோவ் 1888ல எழுதுன ரஷ்யன் ஈஸ்டர் ஓவர்ச்சர்ல ரெண்டாவது டிராம்போனுக்கு குடுத்த சோலோவும் அப்பிடித்தான், கோயில்ல பாதிரியாரு ஓதற மாதிரி இருக்கோணும். இந்த ரெண்டுலயும் எல்லா எடத்துலயும் வழுக்கி வாசிக்கறதைக் கேட்டா எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது. துக்கத்துல பேசறவங்க ஒவ்வொரு வார்த்தையையும் இழுத்துட்டா இருக்காங்க? இழவு வீட்டுல பாருங்க, பெருசுக ரொம்ப நேரம் சும்மா இருப்பாங்க, திடீர்னு ஒரே ஒரு வார்த்தை ஒடைஞ்சு வரும். நம்மூரு நாயனக்காரரும் சுரத்தை நேரா புடிச்சு நிறுத்தி நிறுத்தி வெச்சிருந்துட்டு ஒரு எடத்துல ஜாரு குடுப்பாரு, மண்டபமே திரும்பும்.

எங்கப்பாவும் அப்பிடித்தான் வாசிச்சிருக்காருன்னு இப்பத்தான் ஞாபகம் வருது. கல்யாணத்துல பொண்ணைக் கார்ல ஏத்தி அனுப்பறப்ப மட்டும் ஒரு நீள இழுவை போடுவாரு. ஊர்வலம் பூராவும் டக்கு டக்குனு சுத்தமா வாசிச்சுட்டு அந்த ஒரு எடத்துல மட்டும். பொண்ணோட அம்மா அதுவரைக்கும் அடக்கி வெச்சுட்டு நின்னிருப்பாங்க, அந்த இழுப்புல பொசுக்குனு ஒடைஞ்சுருவாங்க. சின்னப்புள்ளையா பக்கத்துல நின்னு பாத்திருக்கறேன். அன்னைக்கு இந்த ஸ்லைடு கடிக்காம இருந்திருக்கும், இல்லீங்களா.

சரி, பட்டறையோட கொறையும் சொல்லோணும். பத்து நாள்ல தர்றேன்னாரு, பத்தொம்பது நாள் ஆச்சு. குரோம் யூனிட்ல லேட்டுன்னாரு, நெசமாத்தான் இருக்கும், ஆனா ஒரு போன் பண்ணி சொல்லீருந்தா நான் ரெண்டு தடவை சத்தியில இருந்து வீணா பஸ்ஸு ஏறி வந்திருக்க மாட்டேன். நாம போன் பண்ணுனா பாதி நேரம் எடுக்க மாட்டாரு, லேத்து சத்தத்துல கேக்காது. பில்லு கெடையாது, ஒரு நோட்டுல பேரு மட்டும் எழுதிக்குவாரு, அதனால குடுக்கறதுக்கு முன்னால கருவியை நாலு பக்கமும் போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. உக்கார எடம் பெருசா இல்லை, பொம்பளைங்க தனியா போனா வெள்ளெனவே போயிட்டு வந்துருங்க, சாயங்காலம் ஆனா சந்துல லைட்டு இல்லை. மத்தபடி மரியாதைக்கு ஒரு கொறையும் இல்லை, டீ வாங்கிக் குடுக்காம விட மாட்டாரு.

இன்னொண்ணு, ட்ரிகர் (கட்டைவெரலால அமுக்கற வால்வு) வெச்ச டிராம்போனு அவரு எடுக்கறதில்லை. வால்வுப் பக்கம் கை வெக்க மாட்டேன்னு நேராவே சொல்லீட்டாரு. எங்க குரூப்ல பாஸ் டிராம்போனு வாசிக்கற தம்பிக்கு அதுல வருத்தம். பார்டோக் 1943ல எழுதுன கான்செர்ட்டோ ஃபார் ஆர்கெஸ்ட்ராவுல நாலாவது பகுதியில பாஸ் டிராம்போனுக்கு கீழ பி-யில இருந்து எஃப் வரைக்கும் ஒரு இழுவை எழுதி வெச்சிருக்காரு, சாதாரண எஃப் ட்ரிகர்ல ஸ்லைடை முழுசா நீட்டுனாலும் அந்த பி எட்டாது, குழாயை வெளிய இழுத்து சுதி எறக்கி வெச்சு ஏதேதோ வித்தை பண்ணித்தான் வாசிக்கறாங்க. அதுக்கு அவனோட ட்ரிகரை சரி பண்ணோணும். அதுக்கு ஆளு தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

அப்பறம் எங்க நிகழ்ச்சி போன மாசம் முடிஞ்சுது. சோலோவுல மூணே மூணு எடத்துல இழுத்தேன். எங்களை நடத்தறவரு ஒத்திகையில நாலாவதா ஒண்ணு கேட்டாரு, மெட்டு கடைசியா எறங்கற எடத்துல. நான் வேண்டாம்னேன், அங்க எறக்கம் தானா நடந்து வர்ற மாதிரி இருக்கட்டும்ங்க, அடுத்த வாத்தியம் உள்ள வர்றதுக்கு எடம் விடோணும்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு சரின்னுட்டாரு. மொத நாலு வரி ஒதடு நடுங்குச்சு, மேல டி-பிளாட் ஒரு மயிரிழை கம்மியாத்தான் நின்னுச்சு, ஆனா கையி கடிக்கலை.

அஞ்சுக்கு நாலரை குடுக்கறேன், அரை அந்த ஒம்பது நாள் லேட்டுக்கு. ஞாயித்துக்கிழமை லீவு, மத்த நாள் காலையில பத்து மணிக்கு மேல போனீங்கன்னா இருப்பாரு, கருவிகூட நீங்க வாசிக்கற பீஸோட நோட்டையும் எடுத்துட்டுப் போங்க, கேப்பாரு.